கீழ் வீட்டு அக்கா கேட்ட கேள்விகள்

முதல் நாளே அவர் என்னிடம் கேட்ட ஒரு கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

மாமல்லபுரத்தில், பேருந்து நிலையத்திலிருந்து நாலு தெரு தள்ளி, ஒரு வீட்டின் மாடிப் பகுதிக்கு நாங்கள் குடிபோய் இரண்டு நாள் ஆகியிருந்தது. மகளுக்கு ஐந்து மாதம். பால் புட்டிகளை ஆவியில் சுத்தம் செய்யும் மின் பாத்திரத்தைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தேன். திறந்திருந்த கதவை இரண்டு விரலால் தட்டி, "ஹவுஸ்கீப்பிங்!" என்று ஒரு குரல் வந்தது. திடுக்கிட்டுத் திரும்பினேன். கீழ் வீட்டு அக்கா, கையில் மீன்குழம்புக் கிண்ணத்தோடு சிரித்தார். கிண்ணத்தை என்னிடம் தராமலே குனிந்து அந்தப் பாத்திரத்தைப் பார்த்தார்.

"இது இன்னாமா?"

சொன்னேன்.

"தண்ணி எவ்ளோ ஊத்துன?"

"இந்தக் கோடு வரைக்கும்."

"தானா நின்னுடுமா?"

"நின்னுடும்கா."

"தண்ணி தீந்துபோச்சின்னு அதுக்கு எப்டி தெரியும்?"

கணினி அறிவியலில் பட்டம் வாங்கியவள் நான். அந்தப் பாத்திரத்தைத் தினமும் நான்கு முறை உபயோகிப்பவள். அப்படி ஒரு கேள்வி இருப்பதே எனக்குத் தோன்றியதில்லை. "தெரியலையே அக்கா" என்று சொல்லும்போது காது சூடாகிவிட்டது.

"எனக்கும் தெரில. தெரிஞ்சா சொல்லு" என்று கிண்ணத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மகள் தூங்கியதும் தேடிப் படித்தேன். தண்ணீர் இருக்கும்வரை அடித்தட்டு கொதிநிலையைத் தாண்டாது, தண்ணீர் வற்றியதும் சூடு மேலே போகும், அந்தச் சூட்டை உணர்ந்து ஒரு சின்ன விசை மின்சாரத்தைத் துண்டிக்கும். மறுநாள் மாடிப்படியில் வைத்துச் சொன்னபோது அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து, இதற்கா என்று நினைத்தேன். இப்போது எண்ணிப் பார்த்தால் அந்தச் சந்தோஷம்தான் அவருடைய முழு அடையாளம் என்று தோன்றுகிறது.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. கேட்டால், "எழுதிக்கோ, அதுக்கு இன்னா" என்றுதான் சொல்வார். ஆனால் கேட்பதற்கு இப்போது என்னிடம் அவருடைய எண் இல்லை. கேட்காமல் எழுதுவது முறையில்லை.

அவருக்கு நாற்பது வயது இருக்கும். கடற்கரையை ஒட்டிய ஒரு பெரிய ஹோட்டலில் ஒன்பது வருடம் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை பார்த்தவர். விருந்தினர் தூக்கம் கலையக் கூடாதென்று பழகியதால் நடந்தால் சத்தமே வராது. வீட்டிலும் முந்தானையை மடித்து ஊசி குத்தியிருப்பார். அந்த ஹோட்டலில் ஏசி பழுது பார்க்க வருகிறவர்கள் அவருக்கு 'இன்ஸ்பெக்டரம்மா' என்று பெயர் வைத்திருந்தார்களாம். அறையில் அவர்கள் வேலை செய்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்று, இது ஏன் இப்படி, அது ஏன் அப்படி என்று விசாரணை நடந்துகொண்டே இருக்குமாம்.

நான் சொல்லும் காலம் கொரோனாவுக்கு அடுத்த வருடம். ஊரடங்கு முடிந்திருந்தது. ஆனால் வெளிநாட்டுக்காரர்கள் வரவில்லை. கைடு வேலை பார்த்தவர்கள் வீட்டில் இருந்தார்கள். கடற்கரைப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளில் நாற்காலிகள் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தன. "நிலைமை சரியானதும் கூப்பிடறோம்" என்று சொல்லி ஹோட்டல் பாதிப் பேரை அனுப்பிவிட்டது. கீழ் வீட்டு அக்கா அந்தப் பாதியில் இருந்தார். என் கணவருக்குப் பாதிச் சம்பளம். பிரசவத்துக்காக நான் விட்ட சிறுசேரி வேலையில் என்னைத் திரும்ப எடுக்கப்போவதில்லை என்று மின்னஞ்சல் வந்திருந்தது. நான் என்ன செய்தேன் என்று கேட்டால், குழந்தை எத்தனை மணிக்குப் பால் குடித்தாள் என்று ஒரு நோட்டில் எழுதினேன். உடம்பு சுடுகிறதா என்று ஒரே நாளில் ஐந்து முறை பார்த்தேன். வேறு எதையும் யோசிக்கத் தைரியம் இல்லை.

அக்கா பத்து நாள் பொறுத்தார். பதினோராம் நாள் தன் அம்மாவைப் பார்க்க செங்கல்பட்டுக்குப் போனபோது, பேருந்தில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்ததாம். மூன்று மாத இலவசப் பயிற்சி: தையல், அழகுக்கலை, ஏசி மெக்கானிக். இறங்கியவர் அம்மா வீட்டுக்குப் போகாமல் நேராக அந்தப் பயிற்சி மையத்துக்குப் போய்விட்டார். மேசையில் இருந்த பெண் இவரைப் பார்த்ததுமே தையல் விண்ணப்பத்தை எடுத்து நீட்டியிருக்கிறார்.

"ஏசிக்கு பொம்பள சேரக் கூடாதுன்னு எங்கனா எழுதிக்கீதாமா?" என்று கேட்டாராம் அக்கா.

அந்தப் பெண் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எழுதலை" என்றாராம்.

"அப்ப அத்த குடு."

அவருடைய கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். அவர் பண்ணிய கேலி மாடிவரை கேட்டது. "ஏசி மெக்கானிக்கா? நம்ம வூட்டு ஃபேனே ஒரு றெக்க வளைஞ்சி நொண்டிகினு சுத்துது!"

"அதான் கத்துக்க போறேன். நீ பத்து வருசமா அத்த பாத்துகினுதான கீற, ஏன் நொண்டுதுன்னு என்னிக்கினா கேட்டியா?"

ஏன் ஏசி என்று நானும் ஒருநாள் கேட்டேன். "கூட்டம் வந்தாலும் வராங்காட்டியும் இந்த ஊரு உப்புக் காத்து நிக்கப் போறதில்ல. துருப்புடிச்சிகினேதான் இருக்கும். எவனாவது வந்து பாத்துதான ஆவணும்?" என்றார். பொருளாதாரத்தைப் பற்றி அந்த வருடம் நான் படித்த கட்டுரைகளில் எதிலும் இத்தனை தெளிவு இல்லை.

காலையில் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுப் பேருந்து. மதியம் திரும்பி வந்து, சாப்பிட்டு, இரண்டு மணிக்கு என் கதவில் இரண்டு விரல் தட்டு. "ஹவுஸ்கீப்பிங்!" கையில் மையத்தில் கொடுத்த புத்தகம். அது ஆங்கிலத்தில் இருந்தது. நான் வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டும். தூங்கும் மகளுக்காகக் குரலைத் தாழ்த்திக்கொள்வோம்.

எனக்கு அது சுலபமான வேலை என்று நினைத்திருந்தேன். ஒரு வரியைக் கூட அவர் என்னைத் தாண்டவிடவில்லை. "வாயுவை அழுத்தும்போது அது சூடாகிறது" என்று வாசித்தேன்.

"ஏன் சூடாவுது?"

"அது... அப்படித்தான் அக்கா. விதி."

"விதின்னா இன்னா, தலவிதியா? காரணம் சொல்லு."

பன்னிரண்டாம் வகுப்பில் இந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவள். சூத்திரம் கூட ஞாபகம் வந்தது. காரணம் வரவில்லை. அக்கா எழுந்து கீழே போய், தன் மகனின் சைக்கிள் பம்பை எடுத்துவந்தார். வாயை விரலால் அடைத்துக்கொண்டு பத்துத் தடவை அடித்தார். "தொட்டுப் பாரு" என்றார். பம்பின் அடிப்பக்கம் சுட்டது.

"சின்ன எடத்துல எல்லாத்தியும் போட்டு அமுக்குனா, அமுக்குற வேகத்துல ஒண்ணுக்கொண்ணு இடிச்சிகினு சூடாவுது. திருவிழா பஸ்ஸாட்டம். அதான?"

அதான் அக்கா, என்றேன். எனக்குப் பெருமையாக இருந்தது. அவரைப் பற்றியா, அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னைப் பற்றியா என்று அப்போதே சந்தேகம் வந்தது.

வகுப்பிலும் இதே கதைதானாம். பதினெட்டுப் பேரில் இவர் ஒருவர்தான் பெண். முதல் வாரம் முடிவதற்குள் ஆசிரியர், "அம்மா, மத்தவங்களுக்கும் ரெண்டு கேள்வி மிச்சம் வைங்க" என்று கும்பிட்டாராம். "வெச்சேன். ஒருத்தனும் கேக்கல. நானே எடுத்துகினேன்" என்றார்.

இரண்டாவது மாதத்தில் ஒருநாள் கதவு தட்டப்படவில்லை. ஹவுஸ்கீப்பிங் என்ற குரலும் இல்லை. அக்கா உள்ளே வந்து சுவரோரமாக உட்கார்ந்தார்.

"ஒரு போர்ட கொளுத்திட்டேன்மா."

வெளியே இருக்கும் ஏசிப் பெட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்து திரும்ப மாட்டுவது அன்றைய பாடம். உள்ளிருந்து வரும் ஒயர்கள் வெயிலிலும் உப்புக் காற்றிலும் கிடந்து எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிட்டன. எது எங்கே போக வேண்டும் என்று தெரிய, ஆசிரியர் ஒவ்வொன்றிலும் கறுப்பு மார்க்கரால் கோடு போட்டிருந்தார். பெட்டியைச் சுத்தம் செய்யும் பொறுப்பு அக்காவுடையது.

"ஒம்போது வருசமா எங்க கறைய பாத்தாலும் தொடச்ச கைமா. ஒயர்ல கருப்பா ஏதோ கீது. அழுக்குன்னு தொடச்சிட்டேன். பளிச்சுன்னு தொடச்சி வெச்சேன்."

பளிச்சென்ற ஒயர்களை இடம் மாற்றி மாட்டியாகிவிட்டது. மின்சாரம் விட்டதும் டப்பென்று ஒரு சத்தம், ஒரு புகை. உள்ளே இருக்கும் மின்சுற்று போர்டு போய்விட்டது. "அக்கா, அப்டியே சுவத்தையும் தொடச்சி வுட்டுடு" என்று யாரோ சொல்ல, மொத்த வகுப்பும் சிரித்ததாம். ஆசிரியர் சிரிக்கவில்லை. அதுதான் அதிகம் வலித்தது என்றார்.

நானாக இருந்தால் அன்றோடு நின்றிருப்பேன். அதனால் கேட்டேன்: "நாளைக்குப் போவீங்களா?"

"பின்ன?"

"வெட்கமா இருக்காதா அக்கா?"

"இருக்கும். வெக்கத்தோட பஸ் ஏறக் கூடாதுன்னா சொல்லிக்கீறாங்க?"

அப்போது அவர் கண் என் அலமாரியில் இருந்த சிவப்பு நெயில் பாலிஷ் மீது விழுந்தது. என் கல்யாண வரவேற்புக்கு வாங்கியது. குழந்தை பிறந்தபின் நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்வதால் தொட்டதே இல்லை.

"இது சோப்பு போட்டா போவுமா?"

"போகாது அக்கா. அதுக்குன்னு தனியா ஒண்ணு ஊத்தித் துடைக்கணும்."

"அப்ப குடு."

அடுத்த நாளிலிருந்து அவர் எந்த ஒயரைக் கழற்றுவதற்கு முன்பும் ஒயர் முனையில் புள்ளி வைத்தார். முதலாவதுக்கு ஒன்று, இரண்டாவதுக்கு இரண்டு, மூன்றாவதுக்கு மூன்று. அது சேர வேண்டிய இடத்திலும் அதே புள்ளிகள். "நம்பர் எழுதுனா அழியும். கோடு போட்டா கறையாட்டம் தெரியும். புள்ளின்னா கோலத்துக்கு எண்றமாதிரி எண்ணிக்கலாம்" என்றார். சிரித்தவர்களில் இரண்டு பேர் அந்தப் பாட்டிலைக் கடன் கேட்டார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் மிடுக்கு வந்தது.

இனி எழுத வேண்டியதைத்தான் நான் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன்.

செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஹோட்டலிலிருந்து சூப்பர்வைசர் கூப்பிட்டார். ஒரு பெரிய கல்யாணக் கூட்டம் வருகிறது, நாளைக் காலை ஏழு மணிக்கு வேலைக்கு வர வேண்டும், வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள். தேர்வும் அதே காலை, பத்து மணிக்கு, செங்கல்பட்டில். அக்கா மாடிக்கு வந்தார்.

"நீ படிச்ச பொண்ணு. நான் இன்னா பண்ணட்டும்?"

நான் யோசிக்கவே இல்லை. ஹோட்டலுக்குப் போங்கள் என்றேன். கையில் இருக்கும் வேலை. ஒன்பது வருடப் பழக்கம். மாதாமாதம் சம்பளம், பி.எஃப். தேர்வு பாஸானாலும் ஒரு பெண்ணை ஏசி பார்க்க யார் கூப்பிடுவார்கள்? ஃபெயிலானால் இரண்டும் போச்சே அக்கா? ஒவ்வொன்றாக அடுக்கினேன். நன்றாகப் பேசுகிறேன் என்று எனக்கே தோன்றியது.

அவர் கடைசிவரை கேட்டார். பிறகு கேட்டார்:

"இத்த எனக்காக சொல்றியா, ஒனக்கு கீற பயத்துல சொல்றியா?"

கோபத்தில் கேட்கவில்லை. தண்ணீர் தீர்ந்தது பாத்திரத்துக்கு எப்படித் தெரியும் என்று கேட்ட அதே முகம். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். மகள் அழுதாள் என்று நான் எழுந்து போய்விட்டேன். மகள் அவ்வளவாக அழவில்லை.

என் வீட்டுக்குள்ளிருந்தே அவர் சூப்பர்வைசரைக் கூப்பிடுவது கேட்டது. "சார், நாளிக்கி எனக்கு பரிச்ச. ஒரு நாள் தள்ளி வரட்டா?... இல்ல சார், கல்யாணம் ரெண்டு நாளுன்னுதான சொன்னீங்க... சரி சார். கேட்டேன், அவ்ளோதான்." ஒரு நாள் தள்ளி வரலாமா என்று கேட்கலாம் என்பதே என் பட்டியலில் இல்லை. இந்தப் பக்கம் இல்லாவிட்டால் அந்தப் பக்கம் என்றுதான் எனக்குத் தெரியும். ஆனால் அவர் குரல் முடிந்த விதத்திலிருந்து, பதில் முடியாது என்பதும் தெரிந்தது.

மறுநாள் காலை ஆறரை மணியிலிருந்து பால்கனியில் குழந்தையோடு நின்றேன். எங்கள் தெரு முனையில் இடப்பக்கம் திரும்பினால் ஹோட்டல். வலப்பக்கம் பேருந்து நிலையம். ஏழு மணி ஆயிற்று. கீழே கதவு திறக்கவில்லை. ஏழேகாலுக்குத்தான் வந்தார். துவைத்து மடிப்பெடுத்த சேலை, கையில் பை. தெரு முனைவரை சத்தமில்லாமல் நடந்து, வலப்பக்கம் திரும்பினார். எனக்கு ஏனோ அழுகை வந்தது. நான் சொன்னதைக் கேட்கவில்லையே என்ற வருத்தமா, கேட்காமல் போனாரே என்ற நிம்மதியா என்று இன்றும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

சாயங்காலம் வாசலிலிருந்தே "ஹவுஸ்கீப்பிங்!" என்றார்.

தேர்வில் ஒவ்வொருவரும் ஓர் இயந்திரத்தில் மீட்டரை மாட்டி, வாயுவின் அழுத்தத்தை அளந்து எழுத வேண்டும். இவருக்கு முன்னால் ஏழு பேர் அதே மீட்டரில் அளந்து எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். இவர் மீட்டரைக் கையில் எடுத்தார், பார்த்தார், மாட்டவில்லை.

"சார், ஒண்ணு கேக்கட்டா?"

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கேள்வி கேட்கத்தான் பழகியவர். "என்னம்மா?" என்றாராம்.

"இன்னும் எதுலயும் மாட்டவே இல்ல. அதுக்குள்ள முள்ளு பூஜ்ஜியத்த தாண்டி நிக்குதே, இது சரியா கீதா?"

அவர் வாங்கிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். வேறொரு மீட்டரைக் கொண்டுவரச் சொன்னார். முன்னால் போன ஏழு பேரையும் திரும்பக் கூப்பிட்டு, மறுபடி அளக்க வைத்தார்களாம். "ஏழு பேரும் என்ன மொறச்சானுங்க பாரு!" என்று அக்கா சுவரில் சாய்ந்து சிரித்தார். சிரித்து முடித்து, "வேல போச்சுமா" என்றும் சொன்னார். இரண்டையும் ஒரே மூச்சில்.

பாஸாகிவிட்டார். அதற்குப் பிறகும் ஒரு மாதம் யாரும் கூப்பிடவில்லை. அந்த ஒரு மாதமும் நான் மாடிப்படியில் அவரைப் பார்க்கத் தயங்கினேன். நான் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடுமோ என்ற பயம். முதல் வேலையாக எங்கள் வீட்டு ஏசியைத்தான் கழற்றினார், சிவப்புப் புள்ளிகளோடு. பிறகு பக்கத்துத் தெருவில் ஒரு டீச்சர் கூப்பிட்டார். பகலில் வீட்டில் தனியாக இருக்கும் பெண்களுக்கு, மெக்கானிக்காக ஒரு பெண் வருவது எத்தனை நிம்மதி என்பதை நான் யோசித்திருக்கவே இல்லை. நான் ஒரு பெண்ணாக இருந்தும். முட்டுக்காடு வரைக்கும், சதுரங்கப்பட்டினம் வரைக்கும் ஸ்கூட்டியில் போக ஆரம்பித்தார். ஒரு வருடத்தில் அதே ஹோட்டல் அவரை ஏசி பார்க்கக் கூப்பிட்டது.

"வேலய முடிச்சிட்டு கெளம்பசொல்ல பெட்ஷீட்டு சுருங்கிக்கீது. கை சும்மா இருக்கல, இழுத்து வுட்டுட்டு வந்தேன்" என்றார். "அத்த மட்டும் சார்ஜ் பண்ணல."

பிறகு கணவரின் வேலை மாறி நாங்கள் செங்கல்பட்டுக்கு வந்துவிட்டோம். கைபேசி தண்ணீரில் விழுந்து எண்கள் போயின. ஒருநாள் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தே வருடங்கள் ஓடின. மாமல்லபுரம் ஒரு மணி நேரப் பேருந்துதான். என்னைத் தடுத்தது தூரமில்லை. பயத்தில் சொல்கிறாயா என்ற அந்தக் கேள்விக்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை.

இந்தக் கோடையில் எங்கள் ஏசி தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது. வந்த மெக்கானிக்குக்கு என் கணவர் வயது இருக்கும். கார் தொழிற்சாலையில் இருந்தாராம், ஆள் குறைத்தபோது வெளியே வந்து இந்த வேலை கற்றுக்கொண்டாராம். மூடியைக் கழற்றினார். ஒயரைத் தொடுவதற்கு முன் பையிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்தார். சிவப்பு. ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளி வைத்தார்.

நான் மெக்கானிக்குகளிடம் கேள்வி கேட்பவள் அல்ல. "இதை யாருங்க சொல்லிக் கொடுத்தாங்க?" என்றேன்.

"எங்க சென்டர்ல சனிக்கிழம ஒரு மேடம் கிளாஸ் எடுக்க வருவாங்க மேடம். மாமல்லபுரத்து மேடம். மொத நாளே சொல்லிடுவாங்க, மார்க்க தொடச்சிட்டு போர்ட கொளுத்துன ஆளு நான்தான், நீங்களும் கொளுத்தாதீங்கோன்னு. சிரிச்சிகினே சொல்வாங்க. எங்க பேட்ச்ல எல்லார் பையிலயும் நெயில் பாலிஷ் கீது. வூட்ல பொண்டாட்டி திட்டுது."

மகள் என் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இப்போது பள்ளி போகும் வயது. "அம்மா, ஏன் ஒயருக்கு நெயில் பாலிஷ்?" என்று கேட்டாள்.

"அந்த மேடத்தோட முதல் பாட்டில் அம்மாவோடது" என்றேன்.

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். "நிஜமாவா மேடம்?"

"நிஜமாதான். அவங்க சனிக்கிழமை எத்தனை மணிக்கு வருவாங்க?"